நீல வண்டிக்குப் போ!

1927-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்பகுதியிலே மெம்பிஸ் என்றொரு நகரம். மூக்குக் கண்ணாடி நிறுவனம் ஒன்றில் ஏவல் வேலை பார்க்கும் கறுப்பின இளைஞன் ஒருவன், ஊர்ப் பொது நூல் நிலையத்தின் மேசைக்கு முன் வந்து நிற்கிறான். இருபது வயதைத் தொடாதவன். கையிலே ஒரு சீட்டு. வெள்ளையர் ஒருவர் தமக்கு வேண்டிய நூல்களை இந்த ஆளிடம் கொடுத்தனுப்புமாறு எழுதியதாகத் தோன்றும் சீட்டு. உண்மையில் அதை எழுதியவன், அதைக் கொண்டு வந்து நிற்கிறானே, அவன்தான்!

நூல் நிலையத்து அம்மையார் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். இந்த நூல்களை நீ படிக்கப் போகிறாயா என்று கேட்கிறார். இல்லை, எனக்குப் படிக்கவே தெரியாது என்கிறான் அவன்.

படிக்கத் தெரியும் என்று பொய் சொல்லிப் பெருமை தேடுவோரை நாம் பார்த்திருக்கிறோம். படிக்க வேண்டும் என்பதற்காகவே, படிக்கத் தெரியாது என்று ஒருவன் பொய் சொல்ல நேர்ந்த கொடுமையை எங்கேனும் கேட்டதுண்டா? அந்த நூல் நிலையத்திலே கறுப்பருக்கு நூல் இல்லை. வெள்ளையரின் வேலைக்காரனாக வந்தால் நூலைத் தூக்கிக்கொண்டு போகலாம். படிப்பவனாக வந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். சுமக்கும் தோளுக்கு அனுமதி உண்டு, பார்க்கும் கண்ணுக்கு இல்லை!

அவன் கேட்டவை மென்கென் என்ற வெள்ளை எழுத்தாளரின் நூல்கள். ஏன் அவருடையவை? ஊர் நாளேடு ஒன்று அவரைக் கடுமையாகத் தாக்கித் தலையங்கம் எழுதியிருந்தது. தெற்கத்தி வெள்ளையர் ஒரு வெள்ளையரையே இவ்வளவு வெறுக்கிறார்கள் என்றால், அவர் என்னதான் எழுதிவிட்டார் என்று அறிய ஆவல் பிறந்தது அந்த இளைஞனுக்கு. தூற்றியவர்களே தூது சென்றார்கள்! நூலை இரவல் வாங்கினான், படித்தான், பின்னர் தானே எழுத்தாளனானான். அவன்தான் ரிச்சர்டு ரைட். 1945-இல் வெளிவந்த ‘கறுப்புச் சிறுவன்’ என்ற தன்வரலாற்றிலே இந்தச் சீட்டுக் கதையை அவரே சொல்லியிருக்கிறார். அந்த நூலின் பெயரைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் ஒரு முறை அதைச் சந்திக்கப் போகிறோம்.

நூல் தடை என்றதும் நம் மனக்கண்முன் எழுவது 1933 மே 10-ஆம் நாள் பெர்லின் நகரத்துத் தீ. இட்லரின் ஆட்களும் மாணவர்களும் நூல்களைக் குவித்துக் கொளுத்திய காட்சி. அது உலகம் அறிந்த கொடுமை. ஆனால், தீ மூட்டுவது எப்போதோ ஒரு நாள் நடக்கும் செயல். பூட்டுவதோ நாள்தோறும் நடக்கும் செயல். தீ ஊருக்கே தெரியும். பூட்டின் ஓசை பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. சுதந்தரத்தின் சிலையைத் துறைமுகத்திலே நிறுத்தியிருக்கும் நாட்டில் அந்தப் பூட்டு எப்படி இயங்கியது, சாவி யார் இடுப்பிலே தொங்கியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1939 ஆகஸ்டு 21. வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரம். அங்கே ஈராண்டுகளுக்கு முன் திறக்கப்பட்ட ஒரு பொது நூல் நிலையம். நகராட்சிப் பணத்தில் நடப்பது. வரி கொடுத்தோரிலே கறுப்பரும் உண்டு; வாசலைக் கடந்தோரிலே கறுப்பர் இல்லை. சாமுவேல் டக்கர் என்ற 26 வயது வழக்கறிஞர் ஒரு திட்டம் வகுத்தார். நன்கு உடுத்திய ஐந்து கறுப்பின இளைஞர்கள், ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்றனர். உறுப்பினர் அட்டை வேண்டும் என்று பணிவாகக் கேட்டனர். மறுக்கப்பட்டது. உடனே அலமாரியிலிருந்து ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசைகளில் அமர்ந்து படிக்கத் தொடங்கினர். கூச்சலில்லை, பேச்சில்லை. போலீசார் வந்தனர், கைது செய்தனர். குற்றம் என்ன தெரியுமா? ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்களாம்! நூல் நிலையத்திலே அமைதியாக அமர்ந்து படிப்பது ஒழுங்கீனம் என்றால், ஒழுங்கு என்பது யாது?

நகரத்தார் விழித்துக்கொண்டனர். கதவைத் திறந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1940-இல், கறுப்பருக்கென்று தனியாக ஒரு சிறு நூல் நிலையம் கட்டினார்கள். இனி உங்களுக்கென்ன குறை என்று கேட்டார்கள். அந்தப் புதுக் கட்டடத்து அட்டையை டக்கர் வாங்க மறுத்துவிட்டார். அவர் கேட்டது கட்டடமா? 2019-இல்தான் அந்த ஐந்து இளைஞர் மீதான குற்றச்சாட்டுகள் முறைப்படி தள்ளப்பட்டன. எண்பது ஆண்டுகள்!

அதே 1939-ஆம் ஆண்டில், கைதுகளுக்கு இரண்டு திங்கள் முன்னர், அமெரிக்க நூலகச் சங்கம் நூலக உரிமைச் சாசனம் ஒன்றை ஏற்றிருந்தது. எழுதியவரின் இனம், நாடு, அரசியல், சமயம் ஆகியவற்றைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றது அந்தச் சாசனம். நல்ல சாசனம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூர்ந்து பாருங்கள். எழுதியவரின் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்னவர்கள், படிப்பவரின் இனத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை! கறுப்பர் எழுதிய நூல் உள்ளே வரலாம். கறுப்பர் வர முடியாது. இனத்தைக் காட்டி யாருக்கும் நூலகத்தை மறுக்கக் கூடாது என்ற விதி அந்தச் சாசனத்திலே ஏறியது 1961-இல். ஏட்டுக்கு உரிமை கேட்டவர்களுக்கு, ஏட்டைப் பிரிக்கும் கைக்கும் உரிமை கேட்க 22 ஆண்டுகள் ஆயின.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை. நூலைத் தடுப்பது ஒரு செய்தி, ஆளைத் தடுப்பது வேறு செய்தி என்று எண்ணுகிறோம். ஒகுலகோமா மாநிலத்து ரூத் பிரவுன் அம்மையாரின் கதையைக் கேட்டால் அந்த எண்ணம் அகலும்.

பார்ட்டில்ஸ்வில் என்பது எண்ணெய்க் கம்பெனி ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர். அந்த ஊர் நூல் நிலையத்துக்கு 1919 முதல் பொறுப்பாளர் ரூத் பிரவுன். மாநில நூலகச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். தலை நரைக்கும் வரை அதே மேசையில் பணி. கறுப்பின மக்களுக்கும் நூல் வழங்கினார். நிற வேற்றுமையை எதிர்க்கும் குழுவொன்றை 1946-இல் ஊரிலே தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1950-இன் தொடக்கத்தில் ஒரு நாள், கறுப்பின ஆசிரியைகள் இருவரை அழைத்துக்கொண்டு, வெள்ளையர் மட்டுமே உண்ணும் கடையொன்றிலே போய் அமர்ந்து, உணவு தரும்படி கேட்டார்.

சில வாரங்கள் கழிந்தன. ஊர்ப் பெரிய மனிதர் கூட்டம் ஒன்று நகர ஆட்சிக் குழுவிடம் முறையிட்டது. எதைப் பற்றி? சாப்பாட்டுக் கடையைப் பற்றியா? ஒரு சொல் இல்லை! நூல் நிலையத்திலே பொதுவுடைமை இதழ்கள் இருக்கின்றனவாம், நாட்டுக்கே ஆபத்தாம்! ‘தி நேஷன்’, ‘தி நியூ ரிபப்ளிக்’, ‘சோவியத் ரஷியா டுடே’ ஆகிய மூன்று இதழ்கள் சுட்டிக் காட்டப்பட்டன. முதல் இரண்டும் அமெரிக்காவிலேயே அச்சாகி, நெடுங்காலமாக நாடெங்கும் படிக்கப்பட்டு வந்த அரசியல் ஏடுகள். நூலகக் குழு அம்மையாரின் பக்கம் நின்றது. உடனே நகர ஆட்சிக் குழு அந்த நூலகக் குழுவையே மாற்றி, தனக்கு வேண்டியவர்களை அமர்த்தியது. 1950 ஜூலையில் ரூத் பிரவுன் வெளியேற்றப்பட்டார். முப்பதாண்டுத் தொண்டுக்குப் பரிசு!

கருவி எது, குறி எது என்று பாருங்கள். இதழ் ஒரு கருவி; குறி, கறுப்பினப் பெண்களோடு அவர் அமர்ந்த நாற்காலி. இனவெறி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வர வெட்கப்பட்டால், நாட்டுப்பற்றின் சட்டையை இரவல் வாங்கி அணிந்துகொள்ளும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நிகழ்ச்சியைத் தழுவி 1956-இல் ‘ஸ்டார்ம் சென்டர்’ என்றொரு திரைப்படம் எடுத்தார்கள். பெட்டி டேவிஸ் நூலகராக நடித்தார். பொதுவுடைமை நூலொன்றை அகற்ற மறுக்கும் நூலகரின் கதை. துணிச்சலான படம்தான். ஆனால் கறுப்பின ஆசிரியைகள் எங்கே? சாப்பாட்டுக் கடை எங்கே? படத்திலே இல்லை. தணிக்கையைக் கண்டிக்க எடுத்த படமே உண்மைக் காரணத்தைத் தணிக்கை செய்துவிட்டது! வேலை இழந்த அம்மையாரோ மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியொன்றுக்குப் பணியாற்றப் போனார். 2007-இல் அவரை வெளியேற்றிய அதே நூல் நிலையத்திலே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

அடுத்து வருவது முயல் கதை. சிரிக்காமல் கேட்க வேண்டும்.

கார்த் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 1958-இல் ‘முயல்களின் திருமணம்’ என்ற படக்கதை நூலை வெளியிட்டார். பள்ளிக்கு இன்னும் போகாத குழந்தைகளுக்கானது. காட்டிலே இரண்டு முயல்கள். ஓடுகின்றன, விளையாடுகின்றன, மணந்துகொள்கின்றன. அவ்வளவுதான் கதை. ஒரு முயல் வெள்ளை, மற்றது கறுப்பு. போதாதா? 1959-இல் அலபாமா மாநிலத்திலே புயல் கிளம்பியது. வெள்ளையர் மன்றத்தின் ஏடு முழங்கியது. மாநில செனட்டர் எடின்ஸ், இப்படிப்பட்ட நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கொளுத்த வேண்டும் என்றார். கலப்பு மணத்தைச் சட்டத்தால் தடை செய்திருந்த மாநிலம் அது. அந்தச் சட்டம் முயலையும் கட்டுப்படுத்தும் என்று அவர்கள் எண்ணியது போலும்! வெள்ளை மயிர் கொண்ட விலங்குகள் வெள்ளை மனிதர்களுக்கு இரத்த உறவு என்பது தமக்குத் தெரியாமற் போயிற்று என்றார் ஓவியர்.

மாநிலப் பொது நூலகத் துறையின் இயக்குநர் எமிலி ரீட் என்ற அம்மையார். அவர் நூலைப் படித்துப் பார்த்தார், தவறேதும் காணவில்லை. அகற்ற முடியாது என்றார். ஆனால் ஒன்று செய்தார். திறந்த அலமாரியிலிருந்து நூலை எடுத்துத் தனியே ஒதுக்கி வைத்தார். எந்த ஊர் நூல் நிலையமேனும் கேட்டால் அனுப்பலாம் என்பது ஏற்பாடு.

இந்த இடத்திலே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியனாக இருக்கும் பள்ளியில் நூல் நிலையம் என்பது ஓர் இரும்பு பீரோ. சாவி என்னிடம். சென்ற ஆண்டு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். ஒரு நூலை விரலால் தட்டி, பிள்ளைகள் கைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அந்த நூலை அகற்றவில்லை. பின்வரிசையிலே, அகராதிகளுக்குப் பின்னால் வைத்தேன். கேட்கும் மாணவனுக்குக் கொடுப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆண்டு முடிந்தது, ஒருவனும் கேட்கவில்லை. இருப்பதே தெரியாத நூலை எவன் கேட்பான்? ஆகவே எமிலி ரீடைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவராவது சட்டமன்றத்தாரின் முகத்துக்கு நேரே, முடியாது என்றார். நான் அதையும் சொல்லவில்லை.

ஒதுக்கி வைத்தும் அவரை விட்டார்களா? இல்லை. மார்ட்டின் லூதர் கிங் எழுதிய நூலொன்று இடம்பெற்ற ஒரு பரிந்துரைப் பட்டியலை அவர் துறை அனுப்பியது என்று மறுபடியும் பாய்ந்தார்கள். அந்தப் பதவியில் அமர்பவர் அலபாமாவிலே பிறந்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர முயன்றார்கள். ரீட் வட கரோலினாவிலே பிறந்தவர்! அவர் ஒருவருக்காக ஒரு சட்டம். 1960-இல் அவர் அலபாமாவை விட்டே போய்விட்டார்.

1961 மார்ச்சு 27-இல் மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில், டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் வெள்ளையர் நூல் நிலையத்திலே போய் அமர்ந்து படித்ததற்காகச் சிறை புகுந்தார்கள். ஆனால் என் நெஞ்சை விட்டு அகலாதது, லூசியானா மாநிலத்து கிளிண்டன் என்ற சிற்றூரில் நடந்தது.

அந்த வட்டாரத்து நூலகத் துறைக்கு இரண்டு நடமாடும் நூலக வண்டிகள் இருந்தன. ஒன்று சிவப்பு, மற்றது நீலம். சிவப்பு வண்டி வெள்ளையருக்கு. நீல வண்டி கறுப்பருக்கு. கறுப்பரின் உறுப்பினர் அட்டையிலே ‘நீக்ரோ’ என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும். நீல வண்டியில் மட்டுமே அது செல்லும். 1964 மார்ச்சு 7-இல், என்றி பிரவுன் என்ற இளைஞரும் தோழர்கள் நால்வரும் கிளிண்டன் நூல் நிலையத்துக்குள் நுழைந்து, கறுப்பின மக்களின் வரலாற்று நூல் ஒன்றைக் கேட்டார்கள். ஆர்னா பான்டெம்ப்ஸ் எழுதியது. நூல் இங்கே இல்லை, வரவழைத்துத் தருகிறோம், போய் வாருங்கள் என்றார் அலுவலர். போகவில்லை. பிரவுன் நாற்காலியிலே அமர்ந்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். சிறிது நேரத்தில் காவல் அதிகாரி வந்தார், ஐவரும் கைது. பிரவுனுக்கு 150 டாலர் தண்டம். கட்டாவிடில் 90 நாள் சிறை.

கேட்ட நூல் என்னவாயிற்று என்று வினவுவீர்கள். வந்தது! வாக்குத் தவறவில்லை. அஞ்சலிலே அனுப்பி வைத்தார்கள். கூடவே ஒரு குறிப்பும் வந்தது: படித்து முடித்ததும் அஞ்சலிலே அனுப்பலாம், அல்லது நீல வண்டியிலே சேர்க்கலாம்! தன் மக்களின் வரலாற்றை ஒருவன் படிக்கலாம். ஆனால், படித்து முடித்தபின் அந்த வரலாறு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொன்னதோ அந்த வாசலிலேயே போய் நிற்க வேண்டும். 1966-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலே அவர்களை விடுவித்தது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால், உட்கார்ந்தது குற்றமாகவே நின்றிருக்கும்.

இதற்குப் பின் கதவுகள் திறந்தன. கறுப்பர் உள்ளே வந்தனர். நூல்கள் வெளியே போகத் தொடங்கின!

1975 நவம்பர் 7 இரவு, நியூயார்க் மாநிலத்து ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி வட்டாரத்தில், பள்ளிக் குழு உறுப்பினர்கள் நூலக அறைக்குள் நுழைந்து பட்டியல் அட்டைகளைப் புரட்டினார்கள். ஏதோ ஒரு மாநாட்டிலே வாங்கி வந்த ‘ஆகாத நூல்கள்’ பட்டியல் கையிலே இருந்தது. பதினொரு நூல்கள் சிக்கின. 1976-இல் அகற்ற ஆணையிட்டார்கள். அமெரிக்காவுக்கு விரோதமானவை, கிறித்துவத்துக்கு விரோதமானவை, யூதருக்கு விரோதமானவை, அழுக்கானவை என்றார்கள். யூத எழுத்தாளர் மலமுட்டின் நூலும் அந்தக் குவியலிலே கிடந்தது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகளும் கிடந்தன. இன்னொன்றும் கிடந்தது. ரிச்சர்டு ரைட்டின் ‘கறுப்புச் சிறுவன்’!

அந்த நூலுக்குக் குழு சற்று இரக்கம் காட்டியது. பெற்றோரின் ஒப்புதல் இருந்தால் மாணவன் படிக்கலாம் என்று முடிவு செய்தது. 1927-இல் வெள்ளையரின் சீட்டு இல்லாமல் ரைட்டுக்கு நூல் இல்லை. 1976-இல் பெரியவரின் சீட்டு இல்லாமல் ரைட்டின் நூல் மாணவனுக்கு இல்லை. நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஓடின. சீட்டு மட்டும் ஓடவில்லை.

ஸ்டீவன் பிக்கோ என்ற 17 வயது மாணவன் தோழர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தான். 1982 ஜூன் 25-இல் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் சாய்ந்தது. அதுவும் ஐந்துக்கு நான்கு. நூலிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து அதை அகற்றக் கூடாது என்றார் நீதிபதி பிரென்னன். ஆனால் ஐவரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. பிரென்னனின் கருத்துக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்தச் சிறு விரிசல் வழியாகத்தான் பின்னாளில் வெள்ளம் புகுந்தது.

2021-இல் டெக்சாஸ் மாநிலத்து லானோ வட்டத்தில், பொது நூலகங்களிலிருந்து 17 நூல்கள் எடுக்கப்பட்டன. அவற்றிலே சில, வயிற்றுக் காற்றைப் பற்றிய குழந்தைகளின் வேடிக்கைக் கதைகள். ஒன்று கு-கிளக்ஸ்-கிளான் என்ற முகமூடிக் கொலைகாரக் கூட்டத்தின் வரலாறு. மற்றொன்றின் பெயர் நம்மைத் தூக்கிவாரிப் போடும்: ‘சாதி’. இசபெல் வில்கர்சன் என்ற கறுப்பின எழுத்தாளர் 2020-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் நிறவெறியை, இட்லரின் செருமனியோடும் இந்தியாவின் சாதி அமைப்போடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நூல். அம்பேத்கரைப் பேசும் நூல். எமிலி ரீட் தாக்கப்பட்ட அதே 1959-இல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அவரை அறிமுகம் செய்ததையும், அதைக் கேட்டு அவர் முதலில் அதிர்ந்து, பின்னர் ஆம் என்று தமக்குள் ஒப்பியதையும் எடுத்துரைக்கும் நூல். நம் ஊர்த் தனிக் குவளைக்கும் அவர்கள் ஊர் நீல வண்டிக்கும் உள்ள உறவை அறிய நமக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. டெக்சாஸ் மக்களுக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

மற்றவை எல்லாம் நாம் கண்ட பழைய கூத்தே. இருந்த நூலகக் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமர்த்தினார்கள், பார்ட்டில்ஸ்வில்லில் நடந்தது போல. நூல்களை அகற்ற மறுத்த கிளை நூலகர் ஒருவர் 2022-இல் வேலை இழந்தார், ரூத் பிரவுனைப் போல. வாசகர்கள் வழக்குத் தொடுத்ததும், நூல்கள் இல்லாமலா போய்விட்டன, உள்ளறையிலே வைத்திருக்கிறோம், கேட்டால் தருவோம் என்றார்கள். பட்டியலிலே இல்லை, அலமாரியிலே இல்லை, கேட்டால் உண்டு. அகராதிகளுக்குப் பின்னால்! நூல்களைத் திரும்ப வைக்குமாறு 2023-இல் மாவட்ட நீதிமன்றம் ஆணையிட்டபோது, நூலகங்களையே இழுத்து மூடிவிடலாமா என்று வட்ட ஆட்சியாளர்கள் கூடி ஆலோசித்தார்கள். மூடவில்லை, மேல்முறையீடு செய்தார்கள்.

2025 மே மாதத்தில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து நீதிபதிகள் ஒருபுறம், ஏழு பேர் மறுபுறம். பொது நூலகத்திலிருந்து ஒரு நூல் அகற்றப்படலாம். அதை எதிர்த்து வாசகன் வழக்காட முடியாது என்பது தீர்ப்பு. நூல் வேண்டுபவன் கடையிலே வாங்கிக்கொள்ளலாம், நண்பரிடம் இரவல் பெறலாம் என்றும் நீதிமன்றம் வழி சொன்னது. காசு உள்ளவனுக்குக் கடை, நண்பன் உள்ளவனுக்கு இரவல். இரண்டும் இல்லாதவனுக்காகத்தானே பொது நூலகம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்? 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது.

அந்த ஐந்தாம் வட்டத்தின் ஆணை செல்லும் மாநிலங்கள் மூன்று. லானோ இருக்கும் டெக்சாஸ் ஒன்று. நீல வண்டி ஓடிய லூசியானா ஒன்று. மூன்றாவது மிசிசிப்பி, ரிச்சர்டு ரைட் பிறந்த மண்.